ஈயடிச்சான் காப்பி

பி.காம். படித்தவனுக்கு இந்த நாட்டில் இரண்டு தண்டனைகள் உண்டு. ஒன்று, கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார வைப்பார்கள். இரண்டு, ஃப்ளாட் அசோசியேஷனில் பொருளாளர் ஆக்கி விடுவார்கள். "ஸார் காமர்ஸ்தானே... அப்ப அவர்தான்!" என்று பதினோரு வீட்டுக்காரர்களும் ஒருமனதாகக் கை தட்டியபோது, நான் டீ எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் என் நாற்காலியில் செக் புக் உட்கார்ந்திருந்தது.

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு செகரட்டரி எங்கள் வீட்டு பெல்லை மூன்று முறை அடித்தார். ஒரு முறை அடித்தால் தண்ணீர்ப் பிரச்னை. இரண்டு முறை என்றால் மோட்டார் ரிப்பேர். மூன்று முறை அதுவரை அடித்ததில்லை.

"ஸார், கம்போஸ்ட் டிரம் பூராக் குளவி!"

பார்க்கிங்குக்குப் பின்னால் மூன்று நீல டிரம் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு வீட்டுக் காய்கறித் தோலும் பழைய சாதமும் அதில்தான் போகும். கூட்டிப் பெருக்க வருகிற அக்கா தினமும் கிளறி விடுவார். அதற்குத் தனியாக மாதம் 2,000 ரூபாய். மகள் நர்ஸிங் படிக்கிறாள். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் அந்த ரெண்டாயிரத்தில்தான் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

செகரட்டரி எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். மருந்தடிக்கிற கம்பெனி ஆளிடம் போனிலேயே பேசியாயிற்று. 4,500 ரூபாய், அதன் மேல் பதினெட்டு பர்சென்ட் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 5,310. (என் வாழ்க்கையில் பி.காம். உபயோகப்பட்ட தருணங்களில் இதுவும் ஒன்று.) அடித்த கையோடு டிரம்மையும் தூக்கிவிடுவது. அக்காவுக்கு இனி அந்த வேலை இல்லை.

"செக்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க ஸார்."

"குளவிதான்னு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதே ஸார்!"

வவுச்சர் இல்லாமல் நான் பத்து ரூபாய்கூடக் கொடுக்கிறதில்லை. போய்ப் பார்த்தேன்.

பார்த்தாலே தெரிந்தது! கன்னங்கரேலென்று முக்கால் அங்குலம் நீளத்தில் ஏழெட்டுப் பேர். ஒல்லி இடுப்பு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மீசை. முதுகோடு மடித்து வைத்த புகைக்கலர் இறக்கை. டிரம் மூடியின் இடுக்கில் ஒன்று பின்பக்கத்தை நுழைத்து நுழைத்து எடுத்தது. கொடுக்கைத் தீட்டுகிறது என்று நினைத்து நாலடி பின்னால் வந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் கொழுகொழுவென்று புழு வேறு. என் மனைவி பால்கனியிலிருந்தே சத்தம் போட்டாள். "என்னங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வீரம்? கையெழுத்தைப் போட்டுட்டு மேல வாங்க."

போட்டிருப்பேன். தடுத்தது முதல் மாடிப் பெரியவர். ரிட்டயர்டு தாசில்தார், எழுபத்திரண்டு வயது. ஜன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டார். "தம்பி, அது குளவியா இல்லையான்னு மட்டும் சரியா சொல்லிடுங்க."

அவருக்குக் கதை உண்டு. ஊர்த் திருவிழாவில் வெடிச்சத்தத்துக்கு மரத்துக் குளவிக்கூடு கலைந்து, ஆறேழு குளவிகள் அவரைப் பிடித்துக்கொண்டன. முகமெல்லாம் வீங்கி, மூச்சு அடைத்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில். அடுத்த தடவை ஒன்றே ஒன்று கொட்டினால்கூடத் தாங்காது, ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். டிரம்மில் கறுப்பாக எதையோ பார்த்த நாளிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. காலை வாக்கிங் கட். டிரம் பக்க ஜன்னல் கட். எதிர்ப்பக்க ஜன்னலை மட்டும் திறந்துவைத்து அங்கேயே பேப்பர் படிக்கிறார்.

'ஈ' என்று சொல்லி அது குளவியாக இருந்தால் ஒரு மனுஷர். 'குளவி' என்று சொல்லி அது ஈயாக இருந்தால் அக்காவின் ரெண்டாயிரம். பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமும் கனம்.

ஒரு வாரம் டயம் கேட்டேன்.

என் காலேஜ் நண்பன் ஒருவனின் மாமனார் ரிட்டயர்டு ஜுவாலஜி புரொஃபஸர். முப்பது வருஷம் பூச்சியோடு குடித்தனம் நடத்தியவர். (மாமியார் தனியாக ஒரு கதை. அது இன்னொரு வாரம்.) நண்பனிடம் நம்பர் வாங்கி, செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"மாப்பிள்ளையோட ஃப்ரெண்டா? சந்தோஷம். உங்க கட்டை விரல் நல்லா விழுந்திருக்கு. பூச்சி எங்கே?"

இரண்டாவது படம் மேலிருந்து. "இது போதாது தம்பி. போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ எப்படி எடுப்பாங்க? நேரே ஒண்ணு, பக்கவாட்டில் ஒண்ணு. அதே மாதிரி முகம், முதுகு, பக்கவாட்டு, கால், இறக்கை எல்லாம் வேணும். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைங்க, சைஸ் தெரியணும். எந்தத் தேதி, எந்த ஊர், எதன் மேல் உட்கார்ந்திருந்தது... எல்லாம் எழுதுங்க."

எழுதிவிடலாம். எடுப்பதுதான் கஷ்டம். நம் கண் ஒரு நொடியில் சுமார் அறுபது சிமிட்டலைத்தான் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். அதற்கு மேல் போனால் எல்லாம் ஒட்டிக்கொண்டு சினிமா ஆகிவிடும். சில ஈக்களுக்கு அது இருநூறையும் தாண்டும். நாம் 'படார்' என்று கையை ஓங்குவது அவற்றுக்கு ஸ்லோ மோஷனில் வரும் க்ளைமாக்ஸ். அதனால்தான் நாம் கைதட்டிக்கொண்டே நிற்கிறோம், அது பறந்துகொண்டே இருக்கிறது.

புரொஃபஸர் உபாயம் சொன்னார். விடியற்காலையில் போ. குளிரில் பூச்சிக்கு உடம்பு சூடாகியிருக்காது, சோம்பலாய் உட்கார்ந்திருக்கும். உன் நிழல் அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள். முழங்காலில் மெதுவாக நகர்ந்து போ. ஒரு படம் எடுக்காதே, முப்பது எடு.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, லுங்கியோடு குப்பை டிரம் முன்னால் முழங்காலிட்டிருந்த என்னைப் பார்த்து பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார். நாற்பத்தொரு படம் எடுத்தேன். நல்ல எண்ணிக்கை.

அன்று ராத்திரி புரொஃபஸர் போனிலேயே வகுப்பு எடுத்தார்.

"முதல் கேள்வி. எத்தனை இறக்கை?"

குளவிக்கும் தேனீக்கும் நாலு. ஈக்கு இரண்டே இரண்டு. கொசுவும் இந்த ரெண்டு இறக்கைக் கட்சிதான். இதுவரை பெயர் வைத்த ஈ இனங்கள் மட்டும் உலகத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். சரி, எண்ணிவிடலாம் என்றால், உட்காரும்போது நம் ஆசாமி ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துக்கொள்கிறது. குளவியோ நாலையும் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு இரண்டு மாதிரி காட்டும். படத்தில் எண்ணவே முடியவில்லை.

"அப்ப பத்தொன்பதாவது படத்தைப் பாருங்க. பக்கவாட்டில், இறக்கைக்குக் கீழே, வெள்ளையா ஒரு குமிழ் தெரியுதா?"

பெரிது பண்ணிப் பார்த்தேன். குண்டூசித் தலை மாதிரி இருந்தது. நான் தூசி என்று நினைத்திருந்தேன்.

"அதுதான் பின் இறக்கை. ஈக்கு ரெண்டாவது ஜோடி இறக்கை சுருங்கிக் குமிழாயிடும். பறக்கும்போது அது படபடன்னு அடிச்சுக்கும். உடம்பு எந்தப் பக்கம் திரும்புது, சாயுதுன்னு அதை வெச்சுத்தான் ஈ தெரிஞ்சுக்கும். குளவிக்கு அது கிடையாது. ஆக, ஈ."

"இடுப்பு, ஸார்? அவ்வளவு ஒல்லியா..."

சிரித்தார். "வெளிச்சத்துக்கு எதிரா எடுத்த படத்தைப் பாருங்க."

பார்த்தேன். ஒல்லியே இல்லை, ஸார்! இடுப்பு நல்ல தடி. ஆனால் வயிற்றின் மேல்முனையில் இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த மாதிரித் தோல் கண்ணாடியாக இருக்கிறது. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடம் இல்லாத மாதிரித் தோன்றி, இடுப்பு ஒல்லியாகத் தெரிகிறது. மத்தபடி குளவி மாதிரி நீள மீசை, குளவி மாதிரி கறுப்பு, குளவி மாதிரி நடை. கொடுக்கு மட்டும் கிடையாது.

அந்தக் காலத்தில் ஒரு குமாஸ்தா ஒரிஜினல் பேப்பரில் ஈ ஒட்டியிருந்தது என்று, காப்பியிலும் ஒரு ஈயை அடித்து ஒட்டினானாம். 'ஈயடிச்சான் காப்பி' என்று நாம் இன்றுவரை சிரிக்கிறோம். இங்கே ஈயே காப்பி அடிக்கிறது! நம்மைப் பயமுறுத்த அல்ல. கொட்டு வாங்கிய குருவி கறுப்பாய் ஒல்லி இடுப்பாய் எதைப் பார்த்தாலும் ஒதுங்கிப் போகுமே, அதற்காக. அமேசான் காட்டில் வருஷக்கணக்காகப் பட்டாம்பூச்சி பிடித்த ஹென்றி பேட்ஸ் என்கிற இங்கிலாந்துக்காரர் 1862-ல் இந்தத் தந்திரத்தைப் பற்றி எழுதினார். அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

"ஈன்னா கொட்டாது. ஆனா கடிக்கிற ஈ உண்டே? மாட்டு ஈ கடிச்சா ரத்தம் வரும். அதனால எந்தக் குடும்பம்னும் பார்க்கணும்" என்று புரொஃபஸர் மேலே போனார். பாதங்கள் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. கண்ணில் ஏதோ கோலம் போட்டது போல நெளிவுகள். அந்தக் கண்ணாடி ஜன்னல். கடிக்கிற வாய் இல்லை. பிளாக் சோல்ஜர் ஃப்ளை. தமிழில் கறுப்புச் சிப்பாய் ஈ என்று வைத்துக்கொள்ளலாம். விஞ்ஞானப் பெயர் ஹெர்மீஷியா இலூசென்ஸ். 1758-ல் லின்னேயஸ் பெயர் வைத்தது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். எப்போதோ கப்பல் ஏறி உலகம் பூரா வந்து, இப்போது நம் கத்தரிக்காய்க் காம்பில் குடியிருக்கிறது.

டிரம்மில் இருந்த புழு அதன் பிள்ளைகள். தின்பதெல்லாம் அவர்கள்தான். பெரியவர்களுக்குச் சாப்பாட்டில் பெரிய அக்கறை இல்லை, புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே ஒன்றிரண்டு வாரம் ஓட்டிவிடும். ரிட்டயர்டு ஆட்கள் வைப்புநிதியில் வாழ்கிற மாதிரி. மூடி இடுக்கில் பின்பக்கத்தை நுழைத்துக்கொண்டிருந்தது கொடுக்குத் தீட்டவில்லை, முட்டை இட்டுக்கொண்டிருந்தது! ஒரு தடவைக்கு ஐந்நூறு வரை. இந்தப் புழு இருக்கிற குப்பையில் வீட்டு ஈ முட்டையிடுவதும் குறைகிறது. இதை வளர்த்து மீனுக்கும் கோழிக்கும் தீனியாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய யூனியன் 2017-ல் மீனுக்கும், 2021-ல் கோழிக்கும் பன்றிக்கும் போடலாம் என்று அனுமதி கொடுத்தது. அதைக் கொல்லத்தான் எங்கள் அசோசியேஷன் 5,310 ரூபாய் கொடுக்க இருந்தது!

"ரொம்ப தேங்க்ஸ் ஸார். இதையே ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்கன்னா செகரட்டரிகிட்ட..."

"ஈன்னு எழுதித் தரேன். கொட்டாது, கடிக்காதுன்னும் எழுதித் தரேன். இன்ன இனம்னு படத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது அதுதான். அந்த ஒண்ணுக்குப் பூச்சி என் கையில இருக்கணும்."

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. எங்கள் ஆடிட்டர் இனம்!

இதில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறதாம். தென்னாப்பிரிக்காவில் ஸ்டீபன் மார்ஷல் என்கிற கனடாக்காரர் ஒரு ஈயைப் படம் எடுத்தார். அச்சு அசல் நம்ம ஊர்க் கருவண்டு சாயல். மரத்தைக் குடையுமே, அந்த வண்டு. கையில் பூச்சி கிடையாது, படம் மட்டும்தான். ஹவாயில் பிஷப் மியூசியத்தில் இருக்கும் நீல் ஈவன்ஹுயிஸும் அவரும் சேர்ந்து, 2015-ல் அந்தப் படங்களை வைத்தே புது இனம் என்று அறிவித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். மார்லேயிமியா ஸைலோகோபே. வழக்கமாக ஒரு பூச்சியை ஊசி குத்தி மியூசியத்தில் வைத்து, 'இதுதான் ஒரிஜினல், சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்' என்பார்கள். இங்கே ஒரிஜினல் பறந்து போய்விட்டது, ஜெராக்ஸ்தான் இருக்கிறது. பத்திரம் ரிஜிஸ்தர் ஆகுமா?

ஆகும், விதிப்படி செல்லும் என்றது ஒரு கட்சி. ஆகவே ஆகாது என்று 2016-ல் ஏறத்தாழ ஐந்நூறு விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எத்தனையோ ஈக்களில் வெளித்தோற்றம் ஒன்று போலவே இருக்கும். இன்ன இனம் என்று சொல்ல ஆண் ஈயின் அந்தரங்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாக வேண்டும். அதுதான் அதன் ஆதார் கார்டு. எந்த ஈ அதை போட்டோவுக்குக் காட்டும்?

(ஈவன்ஹுயிஸ் பெயர் வைப்பதில் குறும்புக்காரர். செத்தபின் நடுக்கால்கள் வளைந்து நிற்கும் ஒரு ஹவாய் ஈக்கு 1996-ல் சார்லி சாப்ளின் பெயரை வைத்தவர் அவர்தான்.)

போனை வைக்கப் போனேன். "இருங்க தம்பி" என்றார். குரல் மாறியிருந்தது. "முப்பத்திமூணாவது படம் எங்க எடுத்தீங்க?"

டிரம் பக்கத்துக் குழாய் முனை. கொஞ்சம் ஆடிப்போன படம். அது மட்டும் செம்பழுப்பாக இருந்தது. வெயில் பட்டுக் கலர் மாறியிருக்கும் என்று சேர்த்துவிட்டேன்.

"அது ஈ இல்லை. இடுப்பைப் பாருங்க, நிஜ இடுப்பு. இறக்கையை நீளவாக்கில் விசிறி மாதிரி மடிச்சிருக்கு, மீசை முழங்கை மாதிரி வளைஞ்சிருக்கு. காகிதக் குளவி. தண்ணி குடிக்க வந்திருக்கு. அப்படின்னா பக்கத்துல எங்கயோ கூடு இருக்கு. காலைல தேடுங்க. கிட்டப் போகாதீங்க."

அன்றைக்கு நான் சரியாகத் தூங்கவில்லை. 'எல்லாம் ஈதான், தைரியமா கீழ வாங்க' என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு வரலாமா என்று சாயங்காலமே மாடிப்படி வரை போய்த் திரும்பியிருந்தேன்.

கூட்டைக் கண்டுபிடித்தது வாட்ச்மேன் அண்ணன். டீ கிளாஸோடு குழாய்க்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துப் போகிற ஒவ்வொன்றையும் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். நாலாவது குளவியில் பிடித்துவிட்டார். முதல் மாடி சன்ஷேடுக்கு அடியில், தாமரைக்காயைக் கவிழ்த்த மாதிரி, சாம்பல் கலரில் ஒன்று தொங்கியது. மரநாரைச் சுரண்டி எச்சிலில் குழைத்துக் காகிதமாக்கிக் கட்டுமாம். இருபது பேராவது இருந்தார்கள்.

யார் வீட்டு சன்ஷேடு என்று சொல்ல வேண்டியதில்லை. டிரம்முக்குப் பயந்து பெரியவர் திறந்துவைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே, அந்த எதிர்ப்பக்க ஜன்னல். தலைக்கு மேல் மூன்றடி.

அவரை மெதுவாக உள்ளே வரச் சொல்லி, ஜன்னலைச் சாத்தி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம். இருட்டினபின் வந்து எடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்தபின் பெரியவர் சன்ஷேடைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை.

செக் கேன்சல். அக்கா இப்போதும் டிரம் கிளறுகிறார். "அந்தப் புழு வந்ததுலேர்ந்து டிரம் சீக்கிரம் இறங்குது, இது எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார். அப்பவே சொல்லியிருக்கலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும்தான்.

பெரியவர் வாக்கிங் வருகிறார். ஆனால் புது போன் வாங்கிக்கொண்டுவிட்டார். தினமும் பத்துப் படம் எனக்கு வருகிறது. 'தம்பி, ஈயா குளவியா?' பக்கவாட்டில், ஒரு ரூபாய்க் காசோடு. நேற்று வந்ததில் ஒன்று கறுப்பாய், உருண்டையாய், வெள்ளைத் தரையில் அசையாமல் இருந்தது. எனக்குப் பிடிபடவில்லை. புரொஃபஸருக்கு அனுப்பிவைத்தேன்.

பதில் உடனே வந்தது.

"மிளகு. வெண்பொங்கல்னு நினைக்கிறேன். தட்டு கையில் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்."